மறுப்பிலிருந்து தொடங்குவோம்: மேலை மெய்யியல் வரலாற்றை மாணவர்க்குச் சொல்லும் வழி

மேலை மெய்யியல் வரலாற்றை முதன்முறையாகப் படிக்க வரும் கல்லூரி மாணவர் கையில் பெரும்பாலும் கிடைப்பது ஒரு பட்டியல். எல்லாம் நீரே என்றார் தேலீஸ். எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது என்றார் ஹெராக்ளிட்டஸ். எதுவுமே மாறுவதில்லை என்றார் பார்மனிடீஸ். கண்ணால் காண்பது நிழல், வடிவங்களே மெய் என்றார் பிளேட்டோ. ஆளுக்கு ஒரு வாக்கியம், ஒரு வாதத்தின் பெயர், ஐந்து மதிப்பெண். தேர்வு முடிந்த சில வாரங்களில் வாக்கியங்கள் மறந்துபோகும். மிஞ்சுவது ஓர் எண்ணம்தான்: பெரியவர்கள் பலர் பலவிதமாகச் சொன்னார்கள், யார் சொன்னது சரி என்று யாருக்கும் தெரியாது.

மெய்யியலுக்கு இதைவிடப் பெரிய பகை இல்லை. காரணங்களை எடைபோடக் கற்றுத்தர வேண்டிய பாடம், காரணங்களைக் கழித்துவிட்டு முடிவுகளை மட்டும் கொடுத்தால் மாணவர் அந்த முடிவுகளை விநோதக் கருத்துகளாகத்தான் பார்ப்பார். பார்மனிடீசின் கூற்று தனியே நின்றால் பித்துப் போலத் தோன்றும். 'இல்லாதது' என்ற ஒன்றை நினைக்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. மாற்றம் என்றாலோ இல்லாதது ஒன்று உண்டாவது. ஆகவே மாற்றம் எப்படி இயலும்? இந்த வாதத்தோடு சேர்த்துச் சொன்னால் அதே மாணவர் நிமிர்ந்து உட்காருவார். எங்கே பிழை என்று தேடுவார். அப்படித் தேடத் தொடங்கும்போதுதான் அவர் மெய்யியலுக்குள் வருகிறார்.

இந்த வரலாற்றை அறிமுகம் செய்ய இதுவரை கைக்கொண்ட வழிகள் எவை, அவை எங்கே உதவுகின்றன, எங்கே கைவிடுகின்றன என்று பார்த்து, ஒரு வழியைப் பரிந்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒவ்வொரு கூற்றையும் அதன் வலிமையான மறுப்போடு இணைத்துக் கற்பிப்பதே அந்த வழி.

வரலாற்றை எழுதியவர்கள்

மெய்யியல் வரலாற்றின் முதல் வரைவை அரிஸ்டாட்டிலின் 'மெட்டாபிசிக்ஸ்' நூலின் முதல் பகுதியில் காணலாம். முன்னோர் கருத்துகளை அவர் அங்கே வரிசையாக ஆராய்கிறார். ஆனால் அவரிடம் ஓர் அளவுகோல் முன்பே இருந்தது. ஒரு பொருளுக்கு நான்கு வகைக் காரணங்கள் உண்டு என்பது அவர் கோட்பாடு. முன்னோர் ஒவ்வொருவரும் அந்த நான்கில் எதைத் தொட்டார், எதைத் தவறவிட்டார் என்றே கணக்குப் பார்க்கிறார். தேலீஸ் நீரைச் சொன்னார் என்று நாம் இன்று படிப்பதும் பெரும்பாலும் அவர் வழியாக வந்த செய்திதான்.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் டயோஜினிஸ் லாயெர்ஷியஸ் பத்துப் பகுதிகளில் அறிஞர் வாழ்க்கைகளை எழுதினார். அதில் கதை மிகுதி, வாதம் குறைவு. ஆயினும் அவர் இல்லாவிட்டால் எபிகியூரசின் மூன்று கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்க மாட்டா. 1742 முதல் 1744 வரை லைப்ஸிக்கில் யாக்கோப் புரூக்கர் லத்தீனில் வெளியிட்ட பெருநூல் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்கே மூலநூலாக இருந்தது. பிறகு ஹெகல் வந்தார். மெய்யியல்கள் தோன்றிய கால வரிசையும் கருத்துகள் விரியும் தருக்க வரிசையும் ஒன்றே என்பது அவர் கொள்கை. வரலாற்றுக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்தது. கூடவே, கதைக்குப் பொருந்தாதவர்கள் வெளியே நின்றார்கள். இடைக்காலத்து ஆயிரம் ஆண்டுகளைப் பெருநடை போட்டுத் தாண்டிவிடவே ஹெகல் விரும்பினார்.

இருபதாம் நூற்றாண்டில் பொதுவாசகரை எட்டிய நூல்கள் பல. வில் டியூரன்ட் 1926இல் எழுதிய நூல் ஆளுமைகளை உயிரோடு நிறுத்துகிறது. ஆனால் அரிஸ்டாட்டிலிலிருந்து பிரான்சிஸ் பேக்கனுக்கு ஒரே தாவலாகத் தாவுகிறது. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1945இல் வெளியிட்ட வரலாறு, காலத்தின் அரசியலோடும் சமூகத்தோடும் சிந்தனையைச் சேர்த்துப் பார்க்கிறது. நடை தெளிவானது, படிக்கச் சுவையானது. ஆனால் தமக்குப் பிடிக்காதவர்களிடம், சான்றாக நீட்சேயிடம், ரஸ்ஸல் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. அரபு மெய்யியலுக்குத் தன்னளவில் பெரிய மதிப்பில்லை என்று ஒரே அத்தியாயத்தில் முடித்துவிட்டார். இயேசு சபைத் துறவியான பிரெடெரிக் கோப்பிள்ஸ்டன் 1946 முதல் ஒன்பது தொகுதிகளில் எழுதியது நிதானமும் நேர்மையும் கொண்டது. முதலாண்டு மாணவர் தாங்கக்கூடிய அளவு அன்று. யோஸ்டைன் கோர்டர் 1991இல் எழுதிய 'சோஃபியின் உலகம்' நாவல் பதின்வயதினரையும் இழுத்து வந்தது. அதன் தமிழாக்கமும் நம்மிடம் இருக்கிறது. ஆவலைத் தூண்ட அது போதும், வாதத்தைப் பயில அது போதாது.

ஆக, வாழ்க்கை வழி, தருக்க வளர்ச்சி வழி, சமூகப் பின்னணி வழி என்று மூன்று வழிகள் நம்முன் உள்ளன. மூன்றிலும் மாணவர் கேட்பவராகவே இருக்கிறார். அவர் வாய் திறக்க வேண்டிய இடம் எது என்று எந்த வழியும் காட்டவில்லை. அந்த இடத்தை மூலநூல்களே காட்டுகின்றன.

தன்னையே மறுத்த பிளேட்டோ

கி.மு. 399இல் ஏதென்ஸ் நடுவர் மன்றம் சாக்ரடீசுக்கு மரண தண்டனை விதித்தது. முப்பது வாக்குகள் இடம் மாறியிருந்தால் அவர் விடுதலை ஆகியிருப்பார் என்ற கணக்கைப் பிளேட்டோ பதிவு செய்திருக்கிறார். அந்த இழப்பிலிருந்து எழுதத் தொடங்கிய பிளேட்டோ, மாறும் பொருள்களுக்கு அப்பால் மாறாத வடிவங்கள் உண்டு என்ற கோட்பாட்டுக்கு வந்தார். அழகான பொருள்கள் பல. அவற்றை அழகாக்கும் 'அழகு' ஒன்று. இவ்வளவையும் எல்லாப் பாடநூலும் சொல்லும்.

அதே பிளேட்டோ 'பார்மனிடீஸ்' என்ற உரையாடலில் செய்ததைத்தான் மாணவருக்குக் காட்ட வேண்டும். அங்கே இளைஞர் சாக்ரடீஸ் வடிவக் கோட்பாட்டை முன்வைக்கிறார். முதியவர் பார்மனிடீஸ் அதைக் குலைக்கிறார். பெரிய பொருள்கள் எல்லாம் 'பெரிய தன்மை' என்ற வடிவத்தால் பெரியவை என்றால், அந்த வடிவத்தையும் பொருள்களையும் சேர்த்துப் பார்க்கும்போது அவை அனைத்தையும் பெரியவை ஆக்க இன்னொரு வடிவம் வேண்டாமா? பிறகு அதற்கும் மேல் ஒன்று? இதற்கு முடிவு ஏது? சாக்ரடீசால் விடை சொல்ல முடியவில்லை. தம் ஆசானையே தோற்க வைத்து, தம் கோட்பாட்டுக்கு எதிரான வாதத்தைத் தாமே எழுதியவர் பிளேட்டோ.

பதினேழு வயதில் பிளேட்டோவின் கல்விக்கூடத்துக்கு வந்து இருபது ஆண்டுகள் அங்கிருந்த அரிஸ்டாட்டில் இந்த மறுப்பை மேலும் கொண்டுசென்றார். 'நன்மை' என்ற ஒரே வடிவம் எல்லா நன்மைகளுக்கும் பொது என்பதை 'நிகோமாக்கிய அறவியலில்' மறுக்கும் முன், வடிவங்களைச் சொன்னவர்கள் தம் நண்பர்கள் என்பதால் இந்த ஆராய்ச்சி தமக்குக் கடினமாக இருக்கிறது என்று குறிப்பிடுகிறார். ஆசிரியர்மீது உள்ள மதிப்பும் அவர் கருத்தை மறுப்பதும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்று பத்தொன்பது வயது மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

தாண்டப்படும் ஆயிரம் ஆண்டுகள்

இடைக்காலத்தை மத இருட்டு என்று ஒதுக்குவது நம் பாடத்திட்டங்களிலும் பழகிப்போன ஒன்று. உண்மையில் மறுப்புக் கலை ஒரு வடிவமாகவே முற்றிய காலம் அது.

இஸ்லாமிய இறையியலாளர் கஸாலி 1095இல் 'மெய்யியலாளரின் முரண்பாடு' என்ற நூலை எழுதி, இப்னு சீனா போன்றோரின் கருத்துகளை இருபது கேள்விகளில் தாக்கினார். ஒரு நூற்றாண்டுக்குள் கோர்டோவாவைச் சேர்ந்த இப்னு ருஷ்த் 'முரண்பாட்டின் முரண்பாடு' என்று பெயரிட்டே விடை எழுதினார். எதிராளியின் கூற்றை எடுத்துச் சொல்வதும் அதற்கு விடை சொல்வதுமாகவே அந்த நூல் நடக்கிறது. கஸாலி இன்னொரு நூலில் மெய்யியலாளரின் கொள்கைகளை மறுப்பின்றி எடுத்துரைத்திருந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் டொலேடோவில் அது லத்தீனாகியது. அதைப் படித்த ஐரோப்பியர் பலர் கஸாலியையும் இப்னு சீனாவின் மாணவர் என்றே எண்ணிவிட்டார்கள். எதிர்த்தரப்பை அவ்வளவு நியாயமாகச் சொல்ல அவரால் முடிந்திருக்கிறது.

தாமஸ் அக்குவினாஸ் இந்த அறிவு மரபை வாங்கிக்கொண்டவர். அவருடைய 'இறையியல் தொகை'யில் ஒவ்வொரு வினாவும் மறுப்புகளோடுதான் தொடங்குகிறது. கடவுள் உண்டா என்ற வினாவில் முதலில் வருபவை இரண்டு மறுப்புகள். எல்லையற்ற நன்மையான ஒருவர் இருந்தால் உலகில் தீமை இருக்காது; ஆனால் தீமை இருக்கிறது. உலகில் நடப்பதையெல்லாம் இயற்கையையும் மனித விருப்பத்தையும் கொண்டே விளக்கிவிடலாம், கடவுள் தேவையில்லை. இன்றைய இறைமறுப்பாளர் சொல்லும் இரு பெரிய வாதங்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி ஒருவரின் ஏட்டில், அவருடைய ஐந்து நிரூபணங்களுக்கும் முன்பாக நிற்கின்றன. அந்தக் காலம் கட்டுப்பாடற்றது என்று சொல்லவில்லை. 1277இல் பாரிஸ் ஆயர் 219 கூற்றுகளைக் கற்பிக்கக் கூடாதென்று தடை செய்தார். தடை செய்யுமளவுக்கு அங்கே வாதம் நடந்தது என்பதையும் அந்த எண்ணே சொல்கிறது.

தெகார்த்தும் எலிசபெத்தும்

நவீன மெய்யியலின் தொடக்கம் என்று தெகார்த் 1641இல் வெளியிட்ட 'தியானங்கள்' நூலைச் சொல்வார்கள். அது தனி நூலாக வெளிவரவில்லை என்பதைப் பலர் சொல்வதில்லை. அச்சாகும் முன்பே கைப்படியை அறிஞர்களிடம் சுற்றுக்கு விட்டு, ஹாப்ஸ், ஆர்னோ, கசாந்தி உள்ளிட்டோரின் மறுப்புகளையும் தம் விடைகளையும் ஆறு தொகுப்புகளாகச் சேர்த்தே அவர் வெளியிட்டார். மறுப்புப் பக்கங்கள் மூலநூலைவிடப் பலமடங்கு நீளம். மாணவர் பதிப்புகளில் பெரும்பாலும் வெட்டப்படுவது அந்தப் பகுதிதான்.

மிகக் கூர்மையான மறுப்பு 1643 மே மாதம் ஹேக் நகரிலிருந்து கடிதமாக வந்தது. எழுதியவர் பொஹீமிய இளவரசி எலிசபெத். அப்போது அவருக்கு வயது 24. மனம் இடத்தை அடைக்காதது, உடல் இடத்தை அடைப்பது, இரண்டும் முற்றிலும் வேறு என்கிறீர்கள். ஒரு பொருளை நகர்த்த அதைத் தொட்டுத் தள்ள வேண்டும். தொடவே இயலாத மனம் கையை எப்படி உயர்த்துகிறது? இதுதான் கேள்வி. தெகார்த் தந்த விடை தமக்கு நிறைவு தரவில்லை என்று அவர் மறுபடியும் எழுதினார். இந்தக் கடிதப் போக்குவரத்து தெகார்த் இறக்கும் காலம் வரை தொடர்ந்தது. 1644இல் அவர் தம் அடுத்த பெருநூலை எலிசபெத்துக்கே காணிக்கையாக்கினார். ஸ்பினோசாவும் லைப்னிட்சும் பிற்காலத்தில் கட்டிய பெரிய அமைப்புகளை இந்த ஒரு கேள்விக்கான விடைகளாகவும் படிக்கலாம். மூளையும் உணர்வும் பற்றிய இன்றைய விவாதமும் இதே முடிச்சில்தான் நிற்கிறது.

மேலை மெய்யியலில் பெண்கள் எங்கே என்று மாணவியர் கேட்பது நியாயமான கேள்வி. பட்டியல் வரலாற்றில் அவர்களுக்கு ஓர் இணைப்புப் பக்கம்தான் கிடைக்கும். மறுப்பு வரலாற்றிலோ அவர்கள் நடுவே நிற்கிறார்கள். ரூசோ 1762இல் எழுதிய 'எமில்' நூலில் பெண்ணின் கல்வி ஆணுக்கு இனியவளாக இருப்பதற்கே என்றார். 1792இல் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் அவர் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். பகுத்தறிவுதான் மனிதரை உயர்த்துகிறது என்பது ரூசோவின் காலத்துக்கே பொதுவான கொள்கை. அதைப் பாதி மனித குலத்துக்கு மட்டும் வழங்குவது எந்த நியாயம் என்பது அவர் கேள்வியின் சாரம்.

ஹியூம் கேட்டது, காண்ட் விழித்தது

கேரம் பலகையில் அடிப்பான் காயில் படுகிறது, காய் நகர்கிறது. அடிப்பான் பட்டதைப் பார்த்தோம், காய் நகர்ந்ததைப் பார்த்தோம். 'பட்டதால் நகர்ந்தே தீர வேண்டும்' என்ற கட்டாயத்தைப் பார்த்தோமா? டேவிட் ஹியூம் பில்லியர்ட்ஸ் பந்துகளைக் கொண்டு கேட்ட கேள்வி இது. பார்க்கவில்லை, பலமுறை கண்ட பழக்கத்தால் மனம் எதிர்பார்க்கிறது, அவ்வளவுதான் என்றார். அப்படியானால் அறிவியல் முழுவதும் பழக்கத்தின்மேல் நிற்கிறதா?

தம்மைக் கொள்கை உறக்கத்திலிருந்து எழுப்பியவர் ஹியூம்தான் என்று இம்மானுவேல் காண்ட் ஒப்புக்கொண்டார். 1781இல், 57ஆம் வயதில், 'தூய அறிவின் திறனாய்வு' வெளிவந்தது. காரண காரியத் தொடர்பை நாம் அனுபவத்திலிருந்து பெறவில்லை. அனுபவம் என்ற ஒன்று அமைவதற்கே மனம் கொடுக்கும் சட்டகம் அது என்பது அவர் விடை. நூல் கடினமாக இருந்தது, விமரிசகர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள். 1783இல் காண்ட்டே ஒரு சுருக்கமான நூலை எழுத வேண்டியதாயிற்று. அந்தச் சிறுநூலை ஹியூமின் சில பக்கங்களோடு சேர்த்துப் படிக்காமல் காண்ட்டைத் தொடங்கும் மாணவருக்கு, கேள்வி தெரியாமல் விடையை மனப்பாடம் செய்யும் துன்பமே கிடைக்கும்.

பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளைப் பெயர்களால் நிரப்பும் ஆசையை ஆசிரியர் அடக்கிக்கொள்வது நல்லது. இரண்டு கதைகள் போதும். ஹெகலை மார்க்ஸ் எப்படித் திருப்பினார் என்பது ஒன்று. ஃபிரெகே கதை இன்னொன்று. எண்கணிதத்தைத் தருக்கத்தின்மேல் நிறுத்தும் அவருடைய பெருநூலின் இரண்டாம் தொகுதி அச்சில் இருந்தபோது, 1902 ஜூனில் ரஸ்ஸலிடமிருந்து ஃபிரெகேவுக்கு ஒரு கடிதம் வந்தது. தன்னைத்தானே உறுப்பாகக் கொள்ளாத எல்லாக் கணங்களையும் ஒரு கணமாக்கினால், அது தன்னில் உறுப்பா, இல்லையா? எப்படிச் சொன்னாலும் முரண். தம் வாழ்நாள் உழைப்பின் அடித்தளம் அசைவதைக் கண்ட ஃபிரெகே அதை மறைக்கவில்லை. 1903இல் வந்த தொகுதியின் பின்னிணைப்பில் அந்த மறுப்பைத் தாமே வெளியிட்டார்.

தமிழில் சொல்லும்போது

நம் மாணவர்க்கு இன்னொரு தடை கலைச்சொற்களிலேயே இருக்கிறது. தெகார்த், ஸ்பினோசா, லைப்னிட்ஸ் ஆகியோரின் நெறியைப் 'பகுத்தறிவுவாதம்' என்று எழுதினால், தமிழ்நாட்டு மாணவர் மனத்தில் உடனே எழுவது மூடநம்பிக்கை எதிர்ப்பும் கடவுள் மறுப்பும். தெகார்த்தோ கடவுள் இருப்பை நிறுவ முயன்றவர். ஆகவே 'அறிவுமுதல்வாதம்' என்ற சொல்லே பொருத்தம். 'கருத்துமுதல்வாதம்' என்ற ஒரே பெட்டியில் பிளேட்டோ, பெர்க்லி, ஹெகல் மூவரையும் போடும் வழக்கமும் மாற வேண்டும். மூவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தடை இருக்கும் இடத்தில் துணையும் இருக்கிறது. பிறர் கொள்கையை முதலில் முழுமையாகச் சொல்லி, பிறகு மறுத்து, இறுதியில் தன் கொள்கையை நிறுவும் முறை தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலை வஞ்சி நகரில் அளவைவாதி முதல் பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். நீலகேசி ஊர் ஊராகப் போய் வாதிடுகிறாள். அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகவே வகுத்தார். பரபக்கம் உலகாயதத்தில் தொடங்குகிறது. அக்குவினாசும் அருள்நந்தியும் ஒரே நூற்றாண்டினர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், மறுப்பை முன்வைத்தே பேச வேண்டும் என்பதில் ஒத்தவர்கள். இதைச் சொன்னால் மேலை மெய்யியல் மாணவருக்கு அயலார் வீட்டுப் பொருளாகத் தெரியாது.

இந்த வழிக்கும் மறுப்பு உண்டு

நான் பரிந்துரைக்கும் முறையும் மறுப்புக்கு அப்பாற்பட்டதன்று. மறுக்கப்பட்டவர் தோற்றவர் என்று மாணவர் எண்ணிவிடலாம். அது பெரும் பிழை. பிளேட்டோவின் வடிவங்கள் மறுக்கப்பட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும், எண்கள் எங்கே இருக்கின்றன என்ற கேள்வியில் ஃபிரெகே ஏறக்குறைய பிளேட்டோ பக்கமே நின்றார். அடுத்து, வாதத்தை மட்டும் பார்த்தால் காலம் மறைந்துவிடும். 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் இருபத்து மூன்று வயது ஸ்பினோசாவை ஏன் விலக்கி வைத்தது என்று தெரியாமல் அவர் நூல்களின் துணிவு விளங்காது. ஆகவே காலச் சூழலும் வேண்டும். ஆனால் வாதம் விளங்குவதற்கு வேண்டிய அளவில் போதும்.

வகுப்பறைக்கு வருவோம். ஒரு பருவத்துக்கு நாற்பது பெயர்கள் வேண்டாம். ஆறு இணைகள் போதும். பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும், கஸாலியும் இப்னு ருஷ்தும், தெகார்த்தும் எலிசபெத்தும், ரூசோவும் வுல்ஸ்டன்கிராஃப்டும், ஹியூமும் காண்ட்டும், ஃபிரெகேவும் ரஸ்ஸலும். ஒவ்வோர் இணைக்கும் மூலத்திலிருந்து பத்துப் பக்கம், நல்ல தமிழில். வகுப்பில் ஒரு விதி: எதிர்த்தரப்பை அந்தத் தரப்பினர் 'ஆம், இதுதான் நாங்கள் சொல்வது' என்று ஏற்கும்படி சொன்ன பிறகே மறுக்க வேண்டும். தேர்வில் 'பிளேட்டோவின் வடிவக் கோட்பாட்டை விளக்குக' என்று கேட்பதை விட்டு, 'அரிஸ்டாட்டிலின் மறுப்புக்குப் பிளேட்டோ சார்பில் விடை எழுதுக' என்று கேட்போம். இந்த வினாவுக்கு விற்பனையில் உள்ள எந்த வழிகாட்டி நூலிலும் விடை இருக்காது.

இதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. அறுபது பக்க மொழிபெயர்ப்பும், மாணவர் மறுத்துப் பேசும்போது முகம் சுளிக்காத ஆசிரியரும் வேண்டும். மொழிபெயர்க்கத் தெரிந்தவர்கள் முதல் பத்துப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பிப்பவர்கள் அடுத்த பருவத்தின் வினாத்தாளில் ஒரு வினாவையாவது மாற்றுங்கள். தொடங்க அதுவே போதும்.